தில்லையில் ஒரு கொடிமரம், 20 மரணங்கள்: செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் யார்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் மொத்தம் 12 கோட்டைகள். 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும்தான். அறிவிப்பு வந்த கையோடு, இது யாருடைய கோட்டை என்ற வாக்குவாதமும் ஆரம்பித்துவிட்டது. சிவாஜி, ராஜா தேசிங்கு, ஆனந்தக் கோன் என்று பல பெயர்கள் அடிபட்டன.

இந்தச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒரு பெயர் இருக்கிறது: கிருஷ்ணப்ப நாயக்கர். சிவாஜி செஞ்சியைப் பிடித்தது 1677-இல். தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட முழுசாக இல்லை. 1714-இல் போரில் இறந்துவிட்டார். ஆனால் அவர்களுக்கெல்லாம் முன்னால், ஒரு நூற்றாண்டுக்கும் மேல் செஞ்சி நாயக்கர்களின் தலைநகராக இருந்தது. அந்த வரிசையில் 1590-களிலும் 1600-களின் தொடக்கத்திலும் ஆண்டவர்தான் இந்தக் கிருஷ்ணப்பர்.

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் பெருமாள் சன்னதியும் இருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தச் சன்னதியின் இன்றைய நிலைக்கும், அதற்காகக் கோபுரத்திலிருந்து விழுந்து இறந்தவர்களுக்கும் இவரோடு நேரடித் தொடர்பு உண்டு. ஒரு ராஜா தன் பக்தியை ஊருக்கே காட்ட நினைத்தால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? கிருஷ்ணப்பரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைச் சுற்றியேதான் நகர்கிறது.

நாயக்கர் என்றால் யார்?

விஜயநகரப் பேரரசு தமிழ்நாட்டை நேரடியாக ஆளவில்லை. தன் சார்பில் வரி வசூலிக்கவும் படை வைத்துக்கொள்ளவும் நாயக்கர்களை நியமித்தது. அப்படி உருவான மூன்று பெரிய மையங்கள் மதுரை, தஞ்சாவூர், செஞ்சி. பேரரசருக்கு வருஷா வருஷம் கப்பம் கட்ட வேண்டும், கூப்பிட்டால் படையோடு போக வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

1565-இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றதும் நிலைமை மாறியது. பேரரசர்கள் ஹம்பியை விட்டுவிட்டுப் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரி, வேலூர் பக்கமும் நகர்ந்தார்கள். தலைநகர் பலவீனமானதும் நாயக்கர்கள் தாங்களே ராஜா மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தார்கள். கிருஷ்ணப்பரின் காலத்தில் பேரரசராக இருந்தவர் இரண்டாம் வேங்கடபதி ராயர். 1586 முதல் 1614 வரை ஆண்டவர்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கணும். ஹம்பியில் ஆண்ட விஜயநகர மன்னர்கள், அவர்கள் சைவமோ வைணவமோ, செப்பேடுகளில் விரூபாக்ஷர் பெயரையே கையெழுத்தாக வைத்தார்கள். விரூபாக்ஷர் என்றால் ஹம்பியின் சிவன். வேங்கடபதி ராயர் காலத்தில் அந்த இடத்துக்குத் திருப்பதி வேங்கடேசர் பெயர் வந்துவிட்டது. அரசின் முத்திரையே மாறிவிட்டது. தனக்குக் கீழே இருந்த எல்லாருக்கும் அதன் அர்த்தம் புரிந்திருக்கும்.

சிறையிலிருந்து சிம்மாசனத்துக்கு

கிருஷ்ணப்பர் எளிதாகப் பதவிக்கு வந்தவர் இல்லை. அவரைச் சின்ன வயதிலேயே அவருடைய சித்தப்பா முறை உறவினர் ஒருவர் செஞ்சிக் கோட்டைக்குள் அடைத்து வைத்திருந்தார். ஆதரவாளர்களின் உதவியோடு வெளியே வந்த கிருஷ்ணப்பர், ஆட்சியைப் பிடித்ததும் அதே உறவினரை அதே சிறையில் அடைத்தார். அத்தோடு விடவில்லை, அவர் கண்களையும் பறித்தார்.

அன்றைய அரச குடும்பங்களில் இது புதுசில்லை. கண் பார்வை இல்லாதவர் அரியணையில் உட்கார முடியாது என்பதால் போட்டியாளரைக் கொல்லாமலே விலக்கும் வழி அது. ஆனால் இப்படி வந்த ஒரு ராஜாவுக்கு ஒரு பிரச்சினை இருக்கும். இந்த நாற்காலியில் உட்கார உனக்கு என்ன உரிமை என்ற கேள்வி எப்போதும் பின்னாலேயே வரும். வாளால் கிடைத்த பதவிக்கு வேறொரு நியாயமும் தேவைப்படும். அந்தக் காலத்தில் அதைத் தரக்கூடிய பெரிய இடம் கோயில்.

கோயில் கட்டுவது பக்திக்காகவா, அரசியலுக்காகவா என்று இன்று நாம் கேட்போம். கிருஷ்ணப்பரைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. இரண்டும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

ஏன் சிதம்பரம்?

சைவர்களுக்குத் தில்லைதான் எல்லாம். கோயில் என்று வெறுமனே சொன்னாலே அது சிதம்பரத்தைத்தான் குறிக்கும். அதே வளாகத்தில் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் கோவிந்தராஜர் சன்னதி, வைணவர்களுக்குத் தில்லைத் திருச்சித்திரகூடம். ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆக, ஒரே இடத்துக்கு இரண்டு தரப்பும் உரிமை கொண்டாட நியாயமான காரணங்கள் இருந்தன.

சிக்கல் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. சோழன் இரண்டாம் குலோத்துங்கன், 1133 முதல் 1150 வரை ஆண்டவன், தில்லையை விரிவாக்கியபோது அங்கிருந்த பெருமாள் சிலையை அகற்றிக் கடலில் போட்டான் என்று அவன் அவைப்புலவர் ஒட்டக்கூத்தரின் நூல்களே பெருமையாகச் சொல்கின்றன. 2008-இல் வந்த தசாவதாரம் படத்தின் முதல் காட்சி இதை வைத்துத்தான் எடுக்கப்பட்டது. சிலையோடு சேர்த்துக் கடலில் தள்ளப்படும் நம்பி கதாபாத்திரம் சினிமாவுக்காக உருவானது. சிலை அகற்றப்பட்டது பற்றிய செய்தி மட்டும் பழைய நூல்களிலேயே இருக்கிறது. தில்லையிலிருந்து வந்த உற்சவரை வைத்து ராமானுஜர் கீழ்த் திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலை ஏற்படுத்தினார் என்பது வைணவ மரபு.

சுமார் 400 வருஷங்கள் கழித்து, 1539-இல் விஜயநகரப் பேரரசர் அச்சுததேவ ராயர் சிதம்பரத்தில் மறுபடி கோவிந்தராஜரைப் பிரதிஷ்டை செய்யவைத்தார். அதைச் சொல்லும் கல்வெட்டு கோயிலிலேயே இருக்கிறது. இதற்கு முன்பே அவருடைய அண்ணன் கிருஷ்ணதேவ ராயர் அதே கோயிலில் வடக்குக் கோபுரம் எழுப்பியிருந்தார். அதாவது, பேரரசர்கள் தங்கள் பெயரைப் பதிக்க விரும்பிய இடம் சிதம்பரம்.

இப்போது கிருஷ்ணப்பரின் கணக்கைப் பாருங்கள். சிதம்பரம் அவருடைய ஆட்சிப் பகுதிக்குள் வருகிறது. அவர் வைணவர். பேரரசரும் வைணவர். அச்சுத ராயர் தொடங்கி வைத்ததை நான் முழுமையாக்கினேன் என்று சொல்ல முடிந்தால், கண்ணைப் பறித்து ஆட்சிக்கு வந்தவர் என்ற பேச்சைவிட அது பெரிசாகக் கேட்கும்.

கொடிமரத்துக்காகவா இவ்வளவு?

1597-ஐ ஒட்டிய காலம். கோவிந்தராஜர் சன்னதித் திருப்பணி நடந்துகொண்டிருந்தது, கிருஷ்ணப்பரே சிதம்பரத்தில் முகாமிட்டிருந்தார். தகராறு ஒரு கொடிமரத்தில் வந்து நின்றது. பொன் தகடு போர்த்திய மரம், அடியில் அனுமன் உருவம். பெருமாளுக்கான அந்த மரத்தைத் தில்லைக் கோயிலுக்குள் நடலாமா கூடாதா என்பதுதான் கேள்வி.

வெளியிலிருந்து பார்த்தால், ஒரு கம்பத்துக்கா இத்தனை சண்டை என்று தோன்றும். கோயில் நடைமுறை தெரிந்தவர்களுக்கு விஷயம் புரியும். கொடியேற்றினால் பிரம்மோற்சவம் ஆரம்பம். தனிக் கொடிமரம் இருந்தால் தனி உற்சவம் நடக்கும். தனி உற்சவம் என்றால் தனி வருமானம், தனி மரியாதை, வீதியுலாவில் தனி உரிமை. ஒரு வளாகத்துக்குள் ஒரு சன்னதியாக இருப்பது வேறு, தனிக் கோயிலாக நிற்பது வேறு. அந்தக் கோட்டை வரைவது கொடிமரம்தான்.

தில்லையில் பொறுப்பில் இருந்தவர்கள் மறுத்தார்கள். வைணவத் தரப்பு விடவில்லை. கடைசியில் கிருஷ்ணப்பர் தீர்ப்புச் சொன்னார்: கொடிமரம் நடப்படும். மீறிச் செய்தால் கோபுரத்தில் ஏறிக் குதிப்போம் என்று கோயில்காரர்கள் எச்சரித்தார்கள். ராஜா பின்வாங்கவில்லை. அவர்கள் சொன்னபடி ஏறினார்கள். ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். சுமார் 20 பேர் உயிரிழந்தார்கள்.

கிருஷ்ணப்பருக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மீதி இருந்தவர்களைச் சுடச் சொல்லித் துப்பாக்கி வீரர்களுக்கு உத்தரவிட்டார். குண்டடிபட்டு 2 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். ஆற்றாமையில் ஒரு பெண் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டார். திருப்பணி நிற்கவில்லை.

இதை எழுதி வைத்தது யார்?

மன்னர்களின் கல்வெட்டுகள் தானத்தைச் சொல்லும், நிலத்தைச் சொல்லும், எத்தனை விளக்கு எரிய வேண்டும் என்றுகூடச் சொல்லும். திருப்பணியின்போது யார் செத்தார்கள் என்று அவற்றில் தேடினால் கிடைக்காது. தில்லை மரணங்கள் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அந்த நேரத்தில் அந்த வழியாகப் போன வெளிநாட்டுப் பாதிரியார்கள். கோவாவிலிருந்து இயேசு சபையின் மேற்பார்வையாளராக வந்த நிக்கோலஸ் பிமெண்டா, தான் கண்டதைக் கடிதமாக எழுதினார். அது 1600-களின் தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் அச்சானது. 1625-இல் லண்டனில் சாமுவேல் பர்ச்சாஸ் வெளியிட்ட பயணக் குறிப்புத் தொகுப்பிலும் அதன் ஆங்கிலச் சுருக்கம் வந்தது.

ஆனால் பிமெண்டாவும் நடுநிலையான நிருபர் கிடையாது. மிஷன் வேலைக்குப் பணமும் ஆளும் திரட்ட ஐரோப்பாவில் இந்தக் கடிதங்கள் பயன்பட்டன. இங்குள்ளவர்கள் சிலைக்காக உயிரை விடுகிறார்கள், அங்கே நமக்கு வேலை இருக்கிறது என்று வாசகரை நம்பவைப்பதும் அவர் நோக்கத்தில் அடங்கும். அதனால் அவர் தரும் எண்ணிக்கையை ஒரு தரப்பின் சாட்சியமாக எடுத்துக்கொள்வதுதான் சரி. அதே சமயம் கொடிமரம், அனுமன், எதிர்ப்பு, குறுக்கே வந்த ராஜா என்று அவர் சொல்லும் விவரங்கள் தில்லையின் பழைய தகராறோடு கச்சிதமாகப் பொருந்துகின்றன. கற்பனையாக எழுத அவருக்கு இவ்வளவு உள்விவகாரம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஸ்பெயினிலும் இதே கதை

பிமெண்டா போர்த்துகல்காரர். ஆனால் 1580 முதல் 1640 வரை போர்த்துகல், ஸ்பெயின் மன்னரின் கீழ் இருந்தது. ஆக அவர் எந்த ராஜாவின் பிரஜையோ, அந்த ராஜாங்கமும் இதே வேலையை நூறு வருஷம் முன்னாலேயே செய்து முடித்திருந்தது.

1474-இல் காஸ்டில் நாட்டின் அரியணை ஏறினார் இசபெல்லா. அவர் உரிமையையும் எல்லாரும் ஏற்கவில்லை. இறந்துபோன ராஜாவின் மகள் ஹுவானாதான் வாரிசு என்று ஒரு தரப்பு போர் தொடுத்தது. 1476-இல் டோரோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் யாருக்கும் தெளிவான வெற்றி இல்லை. ஆனாலும் இசபெல்லாவும் கணவர் பெர்டினாண்டும் அதைத் தெய்வம் தந்த வெற்றி என்று நாடெங்கும் அறிவித்தார்கள். அதன் நினைவாக டொலேடோ நகரில் பெரிய மடாலயம் ஒன்றையும் கட்டினார்கள். கிரானடா போரில் மீட்கப்பட்ட கிறிஸ்தவக் கைதிகளின் சங்கிலிகள் அதன் வெளிச்சுவரில் தொங்கவிடப்பட்டன. படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் விளம்பரம் அது.

1492 ஜனவரியில் கிரானடா அவர்கள் கைக்கு வந்தது. மார்ச் மாதக் கடைசியில், மதம் மாறாத யூதர்கள் நாட்டை விட்டே போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. 1496-இல் போப்பாண்டவர் இருவருக்கும் கத்தோலிக்க மன்னர்கள் என்ற பட்டத்தைக் கொடுத்தார். வாரிசுச் சண்டை என்ற பேச்சு பின்னுக்குப் போனது, பட்டம் நிலைத்தது. இன்றும் வரலாற்றுப் புத்தகங்களில் அவர்கள் பெயர் அதுதான்.

கிருஷ்ணப்பர் இந்த அளவுக்குப் போனவர் இல்லை. யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை, சிவன் கோயிலை மூடவும் இல்லை. ஒற்றுமை வேறொரு இடத்தில் இருக்கிறது. உரிமை கேள்விக்குள்ளான இருவருமே தங்கள் பக்திக்குக் கல்லில் சாட்சி வைத்தார்கள். அதற்கான செலவு அரண்மனைக் கஜானாவோடு முடியவில்லை.

செஞ்சி அரண்மனையில்

சிதம்பரத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் பயணப்பட்டுப் பாதிரியார்கள் செஞ்சிக்கும் வந்தார்கள். ஊரைப் பார்த்து அசந்துபோனார்கள். இந்தியாவில் தாங்கள் பார்த்ததிலேயே பெரிய நகரம், லிஸ்பனைத் தவிர போர்த்துகலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்பது பிமெண்டாவின் மதிப்பீடு. பெரிய கருங்கல் மதில்கள், சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி, நடுவே கொத்தளங்களோடு பாறைமலை, உள்ளே பீரங்கியும் வெடிமருந்தும். இப்போதும் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வர்ணனையின் மிச்சம் தெரியும்.

ராஜா பட்டுக் கம்பளத்தில் இரண்டு திண்டுகளில் சாய்ந்திருந்தார். மார்பு நிறைய முத்தும் ரத்தினமும், உச்சியில் முடிந்த நீளமான கூந்தலிலும் முத்து. பக்கத்தில் பிராமணர்களும் சிற்றரசர்களும். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும் குடங்கள்கூடத் தங்கம். வெற்றிலை கொடுத்தபோது விருந்தாளிகள் மெல்லாததைப் பார்த்து அவருக்கு ஒரே ஆச்சரியம். பொன் சரிகைத் துணிகள் கொடுத்து அனுப்பினார்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று நடந்தது. கடற்கரையோரம் தன் பெயரில் கிருஷ்ணப்பட்டணம் என்ற புது ஊரை அவர் உருவாக்கிக்கொண்டிருந்தார். அந்த ஊருக்கு ஒரு பாதிரியார் வேண்டும் என்று அவரே கேட்டார். சர்ச் கட்டவும் சம்மதித்தார்.

தில்லையில் சொந்த மக்கள் மேலேயே துப்பாக்கி நீட்டியவர், இங்கே அந்நிய மதத்துக்கு இடம் தருகிறார். முரண்பாடு மாதிரித் தெரியுதா? கடற்கரை ஊருக்குப் போர்த்துகீசிய வியாபாரம் வேணும், வியாபாரிகளுக்கு சர்ச் வேணும். 1608-இல் டச்சுக்காரர்களுக்கும் கடலூர் அருகே தேவனாம்பட்டினத்தில் இடம் கொடுத்தார், போர்த்துகீசியர்கள் ஆத்திரப்பட்டார்கள். சர்ச் அவர் அதிகாரத்தைக் கேள்வி கேட்கவில்லை. தில்லைக்காரர்கள் கேட்டார்கள். தீர்ப்புச் சொன்ன பிறகும் ஒருவர் இல்லை என்று சொன்னால், அதுவும் எல்லாரும் பார்க்கக் கோபுரத்தில் நின்று சொன்னால், ராஜா என்ற பிம்பமே அங்கே உடைகிறது. அவர் சுடச் சொன்னதற்குக் காரணத்தைத் தேட வேண்டிய இடம் இதுதான்.

கடைசி வருஷங்கள்

பிம்பம் அவரைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. பேரரசர் வேங்கடபதியை எதிர்த்த கிருஷ்ணப்பர் பிடிபட்டு மறுபடி சிறைக்குப் போனார். தஞ்சை ரகுநாத நாயக்கர் தலையிட்டு அவரை விடுவித்தார் என்றும், நன்றிக்கடனாகத் தன் மகளை ரகுநாதருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார் என்றும் தஞ்சை அவையின் காவியங்கள் பேசுகின்றன.

அந்த நன்றியும் நீடிக்கவில்லை. 1614-இல் வேங்கடபதி இறந்ததும் வாரிசுப் போர் வெடித்தது. 1616, 1617 வாக்கில் கல்லணைக்குப் பக்கத்தில் தோப்பூரில் பெரிய யுத்தம். மதுரை நாயக்கரோடு சேர்ந்து கிருஷ்ணப்பர் ஒரு பக்கம், மருமகன் ரகுநாதர் எதிர்ப்பக்கம். ஜெயித்தது ரகுநாதர். செஞ்சி அதன் பிறகு பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை. 1649-இல் பிஜாப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்ததோடு நாயக்கர் ஆட்சி முடிந்தது. அடுத்து சிவாஜி, முகலாயர், தேசிங்கு, ஆற்காடு நவாப், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கை மாறிக்கொண்டே போனது.

இன்று என்ன மிச்சம்?

செஞ்சியில் கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் வேங்கடரமணர் கோயிலும் நாயக்கர் காலத்தை நினைவூட்டி நிற்கின்றன. பாண்டிச்சேரி பீச்சில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. அங்கே செல்ஃபி எடுக்கும் பலருக்கு அது தெரியாது.

சிதம்பரத்தில் கோவிந்தராஜர் இருக்கிறார். நடராஜரை வணங்கிய அதே இடத்தில் நின்று திரும்பிப் பெருமாளையும் சேவித்துவிட்டுப் போகிறார்கள் பக்தர்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பெருமாள் சன்னதியின் பிரம்மோற்சவம் பற்றிய வழக்கு நம் காலத்திலும் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கொடிமரமும் அவ்வப்போது செய்தியாகிறது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி எட்ட வேண்டிய ஒரு முடிவைக் கிருஷ்ணப்பர் துப்பாக்கி வைத்து எட்டினார். கொடிமரம் நடப்பட்டது, பிரச்சினை தீரவில்லை.

குதித்து இறந்த அந்த 20 பேரில் ஒருவருடைய பெயர்கூட பிமெண்டாவின் கடிதத்தில் இல்லை. அவர்கள் எதை எதிர்த்தார்கள் என்பது மட்டும் பதிவாகியிருக்கிறது.